சோல்பிரிட்டின் சாவுத் துப்புரவு

— அதெல்லாம் சரிம்மா. எந்த ஃபைல் போகமாட்டேன்னு அடம்புடிச்சுது? அதை முதல்ல சொல்லுங்க.

— போனதைத் திருப்பிக் கொண்டான்னு வந்தா, போகாததைப் பத்தி விசாரிக்கிற. அது எதுக்கு உனக்கு?

— ஸ்ஸுப்.

— மூச்சை உள்ள இழுக்காத ருனார்! நான் தெக்கேருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. இன்னும் இந்த வடக்கத்தி ‘ஆமா’வைக் கேட்டா யாருக்கோ மூச்சு முட்டுதுன்னுதான் நெஞ்சு பதறுது.

— வாயைத் திறந்து ஆமான்னா உள்ள குளிர் போயிடும்மா. பழக்கம். சரி, நீங்க நம்ம ரோட்டு வீட்டுக்காரங்க நடத்துற சாலைச் சங்கத்துக்குக் காரியதரிசி. கூட்டத்துல நான் கொஞ்சம் முன்னபின்ன பேசினாலே ‘முறைப்படி சொல்லு’ம்பீங்க. இன்னைக்கு நீங்க முறைப்படி சொல்லுங்க. என்ன ஆச்சு, எப்ப ஆச்சு?

— எழுதிக்கோ. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. இடம், எங்க வீட்டு மாடி அறை. ஆஜர், நான் ஒருத்தி. என் வீட்டுக்காரர் பெர்ட்டில் திங்கக்கிழமையே கடமான் வேட்டைக்குப் போயாச்சு. நாளைக்குத்தான் காட்டுலேருந்து வருவாரு. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சாவுத் துப்புரவு பண்ணினேன்.

— கம்ப்யூட்டர்லயா?

— ஏன், அதுல குப்பை இல்லையா? ஏப்ரல்லேருந்து வீட்டை ஒழிச்சுக்கிட்டிருக்கேன். நாம கண்ணை மூடினப்புறம் புள்ளைங்க வந்து மூக்கைப் புடிச்சுக்கிட்டு ‘இது எதுக்கு, அது எதுக்கு’ன்னு அலசக்கூடாதுல்ல. ஊரே பண்ணுது. உங்கம்மா பண்ணலையா?

— பண்ணாங்களே. எனக்குப் பத்து கிலோ கண்ணாடிக் கோப்பை குடுத்தாங்க. அவங்களுக்கு அது துப்புரவு. எனக்கு அது குப்பை.

— நான் யாருக்கும் எதையும் தள்ளிவிடல. ஒன்பது பெட்டி. ஒன்பதையும் பெர்ட்டில்தான் கார்ல ஏத்தினாரு, விசிலடிச்சுக்கிட்டே.

— ரயிலடிக்குப் பக்கத்துல பழைய சாமான் கடை இருக்கே, அங்கதானே?

— ரயிலடிப் பக்கம்தான். நீ ஸ்குருவைக் கழட்டுறதா இல்ல என்னைக் கழட்டுறதா?

— ஸ்குருவே கழட்ட வேணாம். இரும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விசிறி சுத்துது, விளக்கு எரியுது. உள்ள எழுத்துதான் போச்சு. பாருங்க, இப்ப பட்டனை அமுக்குறேன்... கம்பெனிப் படம் வருது... புள்ளி சுத்துது... அவ்வளவுதான். நீலத் திரை. மறுபடி முதல்லேருந்து.

— செவ்வாய்க்கிழமைலேருந்து இப்படித்தான். பதினேழு தடவை. எண்ணிப் பார்த்தேன்.

— எப்படித் துப்புரவு பண்ணினீங்க? என்ன கணக்கு வச்சு?

— அலமாரிக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. ஒரு வருஷமா யாரும் தொடலையா? யாருதுன்னு தெரியலையா? வெளிய. எழுத்தும் நம்பருமா, வாயில நுழையாத பேரோட ஒரு கூட்டமே குடியிருந்துச்சு. ஒண்ணொண்ணா விசாரிச்சேன். எவனும் பதில் சொல்லல.

— சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள போயிட்டீங்க. அம்மா, உங்க வீட்டுக் கீழ்த்தளத்துல கொதிகலன் இருக்கு. யாரும் தினம் போய்த் தொடுறதில்ல. யாரு வாங்கிவச்சான்னும் ஞாபகமில்ல. அதைத் தூக்கிப் பழைய சாமான் கடைக்குக் குடுத்துட்டு, வீடு ஏன் சில்லுன்னு இருக்குன்னு கேக்குறீங்க.

— கொதிகலன்னு அது மேல எழுதியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?

— அதுக்குத்தான் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னு சொல்லியிருக்குமே.

— சொல்லுச்சு. அதுதான் எனக்கு ஏறிப்போச்சு. இருபத்திரண்டு வருஷம் காரியதரிசி நான். பனி வாருற ஒப்பந்தம், பள்ளத்துக்கு ஜல்லி, உன் வேலி ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டிருந்தது, எல்லாத்துக்கும் அனுமதி குடுத்தது யாரு? எனக்கு அனுமதி இல்லையாம்! அனுமதி குடுக்குறவன் எங்க உக்காந்திருக்கான்னு தேடிக்கிட்டே உள்ள போனேன். உரிமையை எப்படி நம்ம பேருக்கு மாத்துறதுன்னு ஒரு புத்தகத்துல போட்டிருந்துச்சு. இந்த லைப்ரரிப் புத்தகம்தான், ரெண்டாவது அலமாரி.

— நான் கம்ப்யூட்டர் பார்க்கிற இதே லைப்ரரிலேயே எடுத்தீங்களா? நாசமாப் போச்சு. அப்போ ஏதோ ஒண்ணு போகமாட்டேன்னுச்சு, அதுக்காகத்தான் உள்ள போனீங்க. மத்ததெல்லாம் வழியில மாட்டினது. அந்த ஒண்ணு எது?

— ஏதோ ஒண்ணு. மணி என்ன?

— ஒண்ணு பத்து.

— மூணு மணிக்குள்ள பெர்ட்டிலோட மேப் அச்சகத்துக்குப் போகணும். எழுதிக்கோ, அதுதான் இன்னைக்கு ஒரே தீர்மானம். சனிக்கிழமை காட்டு ஓட்டப் போட்டி, மேப்பைப் பார்த்தே வழி கண்டுபிடிச்சு ஓடணும். முந்நூறு பேரு காம்பஸைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க, மேப் இருக்காது. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் காட்டை அளந்து வரைஞ்சது. ‘ஒரே ஒரு பட்டன்தான், வியாழக்கிழமை மூணுக்குள்ள அமுக்கிடு’ன்னு சொல்லிட்டுப் போனாரு. பட்டன் இருக்கு, கம்ப்யூட்டர் இல்ல.

— வேற எங்கேயும் நகல் வச்சிருக்க மாட்டாரா?

— பெர்ட்டிலா? கையுறைக்கே நகல் வச்சுக்க மாட்டாரு. அது திரும்பி வரலேன்னா மறுபடி ரெண்டு வருஷம் நடப்பாரு. நானும் மறுபடி ரெண்டு வருஷம் அங்க உக்காந்திருக்கணும். என்னால முடியாது ருனார். முடியவே முடியாது.

— அட, அழாதீங்கம்மா. மெதுவா, மெதுவா. இந்தாங்க காபி. இலவங்கப் பன் இருக்கு, எடுத்துக்குங்க. இது என் பென் டிரைவ். கம்ப்யூட்டர் சொந்தக் கால்ல எழுந்திருக்க முடியாதப்போ இதோட கால்ல எழுப்பலாம். எழுப்பினப்புறம் உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு எட்டிப் பார்ப்போம்.

— அழல. காபி சுடுது.

— ஸ்ஸுப். சரி. ஆமா, வீட்டுலேருந்து இங்க வரைக்கும் இதை எப்படிக் கொண்டுவந்தீங்க?

— மாமியாரோட தள்ளுவண்டி. நடக்க முடியாதவங்க தள்ளிக்கிட்டுப் போவாங்களே, அது. உக்கார்ற இடத்துல போர்வையைச் சுத்தி வச்சுத் தள்ளினேன். பஸ் டிரைவர் எனக்குத்தான் கால் போச்சுன்னு நினைச்சுக் கையைப் புடிச்சு ஏத்தினான்.

— அந்தப் பச்சைப் பையிலயும் கம்ப்யூட்டர் சாமான்தானா? இப்படி எடுங்க.

— அது என்னுது. அதைத் தொடாத... என்ன ஆச்சு, ஏன் முகத்தைச் சுருக்குற?

— பூட்டு.

— என்ன பூட்டு?

— டிஸ்க் பூட்டியிருக்கு. அவரு கம்ப்யூட்டர் வழியா வந்தா தானாத் திறக்கும். நான் என் பென் டிரைவ் வழியா, பின்கதவால வர்றேன்ல, அதான் சாவி கேக்குது. நாப்பத்தெட்டு இலக்கம். ஆறு ஆறா எட்டுக் கட்டு. வாங்கினப்பவே பெர்ட்டில் ஒரு தாள்ல எழுதி வச்சிருப்பாரு.

— தாள்லயா?

— ஆமா. வெறும் நம்பரா இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது.

— தேதி இல்லாம? தலைப்பு இல்லாம?

— அம்மா... அந்தத் தாளையும் துப்புரவு பண்ணிட்டீங்களா?

— இரு. யோசிக்க விடு. அடுப்படி மேசை, மூணாவது டிராயர். மே மாசம் ஒழிச்சேன். பழைய பாட்டரி, கயிறு, மீன்பிடி லைசென்ஸ், நம்பர் எழுதின ஒரு தாள். யாருதுன்னு தெரியல. ஒரு வருஷமா யாரும் தொடல.

— போச்சு.

— போகல! பேச விடு. காகிதத்தைத் தூக்கிப் போட எனக்குக் கை வராதுப்பா. சாமான்னா போட்டுடுவேன். எழுத்து இருந்தா அது பதிவு. சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல ஒட்டினேன். ‘இணைப்பு ஏழு: பொருள் தெரியாத எண். கையெழுத்து பெர்ட்டிலுடையது.’

— சங்கத்துப் புத்தகத்துல உங்க வீட்டு நம்பரா?

— கண்டுபிடிச்சா சங்கத்துக்கு உபயோகப்படலாம்னு பார்த்தேன். தலைமைக் குழாயோட நம்பரா இருந்தா?

— இப்ப அந்தப் புத்தகம் எங்க? வீட்டுலயா? இப்பவே காரை எடுக்கிறேன்.

— இந்தா, பையிலேயே இருக்கு. இன்னைக்கு உன் கையில குடுத்துட்டுப் போகலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். தலைவர்கிட்ட சேர்த்துடு. அடுத்த கூட்டத்துக்கு வேற யாரையாவது காரியதரிசியாப் போடச் சொல்லு.

— காரியதரிசிப் பதவியையும் துப்புரவு பண்ணியாச்சா! இருபத்திரண்டு வருஷம் ஆச்சேம்மா. உங்களை விட்டா ‘முறைப்படி சொல்லு’ன்னு என்னை யாரு அதட்டுவா?

— நம்பரைப் படிக்கட்டுமா, நீ புலம்பி முடிக்கிற வரைக்கும் நிக்கட்டுமா?

— படிங்க.

— நாலு, ஒண்ணு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, ஏழு.

— கடைசி ஏழா, ஒண்ணா? எனக்கு இங்கிருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

— ஏழு. அவரோட ஏழுக்கு இடுப்புல ஒரு கோடு இருக்கும். அவசரத்துல போட்டா கோடு மேல ஏறிடும். ஆனா இருக்கும். நாப்பத்தோரு வருஷமாப் பாக்குறேன்.

— சரி. அடுத்தது.

— பூஜ்யம், அஞ்சு, அஞ்சு, எட்டு, மூணு, ஆறு...

— ம். எட்டுக் கட்டும் போட்டாச்சு. அமுக்குறேன்... திறந்துடுச்சு! சாலைச் சங்கம் வாழ்க! அந்த இணைப்பு ஏழுக்கு நான் ஒரு நன்றித் தீர்மானமே கொண்டுவர்றேன்.

— மேப்?

— தேடுறேன். ‘பெர்ட்டில்’... ‘காடு’... ‘கிழக்குச் சரிவு’... இருக்கு. துண்டுதுண்டா அறுபத்திரண்டு ஃபைல். ஒண்ணைக்கூட நீங்க தொடல.

— அவரு பேருல இருந்த எதையும் நான் தொடவே இல்லப்பா. அப்பாடா. சரி, அனுப்பிடு.

— அதுலதான் ஒரு சிக்கல். இதெல்லாம் துண்டு. அச்சகத்துக்கு முழுத் தாள் வேணும். துண்டைத் தாளா ஒட்டுறது அவரோட வரையற புரோகிராம். அது இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். வேற எங்கேயும் போட்டா லைசென்ஸ் கேக்கும். ஆகவே துண்டுக்கு நகல் எடுத்து வச்சுட்டு, இதை எழுப்பியே ஆகணும். மணி ஒண்ணு அம்பது. பார்ப்போம்.

— எப்படி எழுப்புவ? நான் தூக்கிப் போட்டது போட்டதுதானே? குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்.

— உள்ளேயே ஒரு கிடங்கு இருக்கு. ஒவ்வொரு சிஸ்டம் ஃபைலுக்கும் அங்க ஒரு மாத்துப் பிரதி வச்சிருப்பாங்க. இப்ப ஒரு உத்தரவு போடுறேன். இருக்க வேண்டியதையும் இல்லாததையும் அது ஒண்ணொண்ணா ஒத்துப் பார்க்கும். இல்லேன்னா கிடங்குலேருந்து எடுத்துப் போடும். கெட்டுப் போயிருந்தா மாத்திடும். கிடங்கையும் நீங்க ஒழிச்சிருந்தா என் கதி அவ்வளவுதான்.

— ரொம்பப் பெரிசா, தடியா ஒண்ணு இருந்துச்சே, அதுவா?

— அதைத் தொட்டீங்களா?

— அழின்னு அமுக்கினேன். நாலு மணி நேரம் ஆகும்னுச்சு. அந்த நேரம் பார்த்துக் கீழ ஜாம் பொங்கி அடுப்புல வழியுது. நிறுத்திட்டு ஓடினேன்.

— என்ன ஜாம்?

— காட்டுச் செம்பழம். நேத்துதான் புட்டியில அடைச்சேன். இந்த வருஷம் இருபத்தாறு புட்டி. அவருக்கு ஒரு குளிர்காலத்துக்குத் தாராளமாப் போதும்.

— அவருக்கா? உங்களுக்கு வேணாமா?

— எனக்கு அது எப்பவுமே புளிப்பு. யாரும் கேட்டதில்ல. சரி, அங்க என்ன நம்பர் ஓடுது?

— நாலு சதவீதம். இது முடிய அரை மணிக்கு மேல ஆகும். உக்காருங்க. அந்த ஜாமுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். அது பொங்காம இருந்திருந்தா இப்ப நான் உங்களுக்குத் துக்கம் விசாரிச்சுக்கிட்டிருப்பேன்... ஏம்மா, கேக்குறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. பியானோவையும் குடுத்துட்டீங்களாமே? என் பொண்டாட்டி சொன்னா.

— ஆகஸ்ட் பதினொண்ணு. நாலு ஆளு வந்து தூக்கிட்டுப் போனாங்க.

— பெர்ட்டில் என்ன சொன்னாரு?

— மூணு வாரம் கழிச்சு, ‘இப்பெல்லாம் ரேடியோ நல்லாக் கேக்குதே, ஆன்டெனாவை மாத்தினியா?’ன்னாரு.

— ஹாஹ்ஹா! நிஜமாவா?

— சிரி. நானும் அன்னைக்குச் சிரிச்சேன்.

— பியானோ போனதுகூடவா தெரியல! காட்டுல ஒரு சின்னப் பாறையை விட மாட்டாரே மனுஷன்.

— ஒரு மீட்டர் உசரம் இருந்தாப் போதும், மேப்புல ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. அதான் விதி. அந்தச் சரிவுல மொத்தம் நாலாயிரத்து நூத்துப் பன்னெண்டு பாறை. எனக்கு எப்படித் தெரியும்னு கேளு.

— எப்படித் தெரியும்?

— தினம் சாயங்காலம் சாப்பிடுறப்போ சொல்லுவாரு, ‘இன்னைக்கு ஆறு, இன்னைக்கு ஒன்பது’ன்னு. நான் கூட்டிக்கிட்டே வந்தேன். பாவம், அவரு கெட்டவர் இல்ல ருனார், அதையும் எழுதிக்கோ. ஒருநாளும் கையை ஓங்கினதில்ல, குரலை உசத்தினதில்ல. என்னைத் தவிர எல்லாத்தையும் கவனிப்பாரு.

— ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தாம்மா. எங்க வீட்டுல திரைச்சீலை மாத்தினது எனக்கு ஒரு மாசம் தெரியல.

— ஒரு மாசத்துல தெரிஞ்சுதுல்ல? உன் பொண்டாட்டி குடுத்து வச்சவ.

— முப்பத்தெட்டு சதவீதம். இன்னொரு பன்?

— குடு... ருனார், இது நல்லானப்புறம் நீயே எங்க வீட்டுல கொண்டுபோய் வச்சிடுறியா? மாடியில அதே மேசை. நீ அதே ரோட்டுலதானே இருக்க. சாவி, வாசல்ல மண்வெட்டிக்குப் பின்னாடி.

— நீங்களும் கூடவே வாங்களேன், கார்ல இடம் இருக்கு.

— எனக்கு நாலு இருபதுக்கு வண்டி.

— நம்ம ஊர்ப் பஸ் நாலு அஞ்சுக்குல்ல? நேரத்தை மாத்திட்டாங்களா?

— நம்பரைப் பாரு, நம்பரை.

— அறுபத்தொண்ணு. சரி, சும்மா இருக்கற நேரம். இப்பவாவது சொல்லுங்களேன். எது போகமாட்டேன்னுச்சு? எனக்கு மண்டை குடையுது. முப்பது வருஷமா கம்ப்யூட்டர் கழுவுறேன். வைரஸ் பார்த்திருக்கேன், இடி விழுந்து பார்த்திருக்கேன், ஒருத்தர் கடமான் எலும்பு சூப்பைக் கொட்டினதைப் பார்த்திருக்கேன். ஒரே ஒரு ஃபைலைத் துரத்திக்கிட்டு ஒரு பெரிய மனுஷி கொதிகலன் அறை வரைக்கும் இறங்கிப் போனதை இப்பதான் பார்க்கிறேன்.

— முதல்ல எழுந்திருக்கட்டும். எழுந்தா சொல்றேன்.

— சத்தியமா?

— பதிவு பண்ணிக்கோ.

— எழுபத்தொன்பது... தொண்ணூறு... நூறு. ம்ம்ம். ‘சிலதைச் சரிபண்ண முடியல’ங்குது.

— அப்படீன்னா?

— பயப்படாதீங்க. கிடங்குலயும் ஒண்ணு ரெண்டு கெட்டிருக்கு. ஜாம் பொங்குறதுக்கு முன்னாடி நீங்க அஞ்சாறைத் தின்னுட்டீங்க போல. என் பென் டிரைவ்ல சுத்தமான பிரதி இருக்கு. முதல்ல கிடங்கைச் சரிபண்ணுறேன், அப்புறம் மறுபடி ஒத்துப் பார்க்கச் சொல்றேன்.

— மணி?

— ரெண்டு இருபத்தஞ்சு. அச்சகத்துக்குப் போன் போட்டு அரை மணி தள்ளி வாங்கட்டுமா?

— வேணாம். மூணுன்னா மூணு. வேற யாரோ தப்புப் பண்ணினாத் தள்ளி வாங்கலாம். நான் பண்ணினதுக்கு வாங்கக்கூடாது. அதைவிட, வேணும்னே கெடுத்துட்டா, கோவத்துல பண்ணிட்டான்னு ஒரு பேச்சு வந்துடக்கூடாது. எனக்குக் கோவமே இல்ல.

— யாரும்மா அப்படிப் பேசப்போறா? சாவுத் துப்புரவுல எத்தனையோ தவறிப் போகும். எங்கம்மா எங்கப்பாவோட பல்செட்டையே தூக்கிப் போட்டுட்டாங்க, அவரு உயிரோட இருக்கறப்போவே... இப்ப ஓடுது பாருங்க, நாப்பது, அறுபது. இந்தத் தடவை நல்ல வேகம்.

— ஜன்னலை மூடுறியா? உள்ள கொசு வருது.

— செப்டம்பர்லயும் விட மாட்டேங்குது. இந்தாங்க, மூடியாச்சு. எண்பத்தெட்டு... தொண்ணூத்தாறு... நூறு. ‘எல்லாம் சரி செய்யப்பட்டது.’ இப்ப பென் டிரைவைப் புடுங்குறேன். இனிமே சொந்தக் கால். கையைப் புடிச்சுக்கணும்னா புடிச்சுக்குங்க.

— பட்டனை அமுக்குப்பா, நாடகம் போடாத.

— கம்பெனிப் படம்... புள்ளி சுத்துது... சுத்துது...

— திரை கறுப்பாயிடுச்சே!

— இருங்க.

— ருனார், கறுப்பாவே இருக்கு.

— மெதுவா, மெதுவா. ரெண்டு நாளாப் படுத்துக்கிடந்த ஆளு. கண்ணைத் திறக்க நேரம் ஆகும்... வந்துடுச்சு! வந்துடுச்சும்மா! பாருங்க, உள்ள நுழையற திரையில ரெண்டு பேரும் பத்திரமா நிக்கிறீங்க, பக்கத்துப் பக்கத்துல. பெர்ட்டில், சோல்பிரிட். உங்க படத்துல முடி எவ்வளவு நீளம்!

— அது பழைய படம்.

— என்னம்மா, சந்தோஷமே காணோம்?

— பெர்ட்டில் பேரை அமுக்கு. பாஸ்வேர்ட் டிம்பா.

— நாய் பேரா?

— பின்ன, என் பேருன்னு நினைச்சியா?

— சரி, திறந்தாச்சு. வரையற புரோகிராம்... எழுந்துடுச்சு. அடேயப்பா, என்ன மேப்பு! ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாறையா? சதுப்பு நிலம், ஓடை, விழுந்த மரம். தாளா ஒட்டச் சொல்றேன்... அச்சகத்து விலாசம் இதானே? நீங்களே அந்தப் பட்டனை அமுக்குங்க. உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனாரு.

— அமுக்கிட்டேன்.

— போயிடுச்சு. மணி ரெண்டு அம்பத்திரண்டு! முந்நூறு பேரும் சனிக்கிழமை முறைப்படி தொலைஞ்சு போகலாம். சரி, இப்ப என் கூலி. எது போகமாட்டேன்னுச்சு?

— முன்னாடி வந்துச்சே ரெண்டு பேரு, அந்த இடத்துக்குத் திரும்பப் போ.

— போயாச்சு.

— அதுல என்னை எடுத்துடு.

— எது, உங்க பேரையா? ஏம்மா? அது ஒண்ணும் இடத்தை அடைக்கல.

— செவ்வாய்க்கிழமை நான் எடுக்கப் பார்த்தது அது ஒண்ணைத்தான். அதுதான் போகமாட்டேன்னுச்சு.

— அது எப்படிப் போகும்? உங்க பேருல உள்ள நுழைஞ்சு உக்காந்துக்கிட்டு அந்தப் பேரையே அழிச்சா? உக்காந்திருக்கிற நாற்காலியைத் தானே தூக்குற மாதிரில்ல. வெளிய வந்து, அவரு பேருல போய்த்தான் அதை எடுக்க முடியும்... இருங்க. எதுக்கு எடுக்கணும்? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது? டாக்டர் ஏதாவது சொன்னாரா?

— உடம்பு கல்லு மாதிரி இருக்கு. அறுபத்தெட்டு வயசுல தள்ளுவண்டியில கம்ப்யூட்டர் வச்சுத் தள்ளிட்டு வந்தவளைப் பார்த்துக் கேக்குறியே. நாலு இருபது ரயில், பஸ் இல்ல. தெக்கே, இஸ்டாட்டுல, கடலைப் பார்த்தாப்புல ஒரு அறை புடிச்சிருக்கேன். பியானோ முன்னாடியே போயாச்சு.

— அப்போ சாவுத் துப்புரவுன்னு ஊரெல்லாம் சொன்னது...

— அப்படிச் சொன்னா எவனும் எதுக்குன்னு கேக்கமாட்டான். கூடமாட வந்து தூக்கிவிடுவான்.

— பெர்ட்டிலுக்குத் தெரியாதா? அவருகிட்ட சொல்லாமலா போறீங்க?

— ஜூன்லயே சொன்னேன். அடுப்படியில, நேருக்கு நேரா நின்னு, ‘பெர்ட்டில், நான் உங்களை விட்டுட்டுப் போகப்போறேன்’னேன். ‘போறப்ப கதவை மூடிட்டுப் போ, கொசு வருது’ன்னாரு. இப்ப மேசை மேல ஒரு கடிதமும் வச்சிருக்கேன்.

— ஸ்ஸுப்.

— அதேதான்... எடுத்துட்டியா?

— எடுத்துட்டேன். இப்ப ஒரு பேருதான் நிக்குது. ஆனா அம்மா, அந்த ஒன்பது பெட்டி? அதை அவரே ஏத்தினாருன்னீங்களே. அப்பவாவது அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்காதா?

— ஒன்பது பெட்டி மேலயும் கொட்டை எழுத்துல என் பேரும் புது விலாசமும் எழுதியிருந்தேன் ருனார். ரயிலடியில இறக்கினப்போ, படிக்க வசதியா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணையும் எழுத்து தெரியற பக்கமாத் திருப்பி வச்சது அவர்தான்.